ஓஎல்இடியா, மினி எல்இடியா? கேமும் படமும் ஒரே டிவியில ஓடணும்னா

கேமுக்கும் வேணும், படத்துக்கும் வேணும், எந்த டிவி எடுக்கலாம்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு பிராண்டு பேரைச் சொல்வாங்க. என்னைக் கேட்டா பிராண்டுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரியணும். டிவி வைக்கப்போற ரூம்ல பகல்ல எவ்வளவு வெளிச்சம் அடிக்குது, அப்புறம் திரையில அசையாம ஒரே இடத்துல நிக்குற சமாச்சாரம், அதாவது நியூஸ் சேனல் லோகோ, கீழ ஓடுற பட்டை, கேம்ல மூலையில இருக்குற மேப், ஹெல்த் பார் இதெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிக்கப்போகுது. இந்த ரெண்டுக்கும் உள்ளதை உள்ளபடி பதில் சொல்லிட்டா ஓஎல்இடியா மினி எல்இடியாங்குற சண்டை பெரும்பாலும் அங்கேயே முடிஞ்சிடும்.

ஷோரூம்ல பார்த்து முடிவு பண்ணலாமேன்னு தோணும். அங்க எல்லா டிவியும் கலரையும் வெளிச்சத்தையும் தூக்கிக் காட்டுற விவிட் மோட்ல, கூரை முழுக்க எரியுற லைட்டுக்குக் கீழ, அந்தந்தக் கம்பெனியே எடுத்த டெமோ வீடியோவை ஓட்டிக்கிட்டு நிக்கும். கிளி பறக்குறதையும் பெயிண்ட் தெறிக்குறதையும் பார்த்துட்டு, ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஒரு இருட்டான படம் போட்டா கறுப்பு எப்படி இருக்கும்னு எங்கேர்ந்து தெரியும்? ரிமோட்டைக் கேட்டு வாங்கி மோடை மாத்திப் பாக்க விட்டாங்கன்னா அது ஓரளவு பிரயோஜனம்.

கறுப்புலேர்ந்து ஆரம்பிப்போம்

ஓஎல்இடியில ஒவ்வொரு பிக்சலும், அதாவது படத்தோட ஒவ்வொரு புள்ளியும், தானே ஒளி விடும், கறுப்பு வேணும்னா அந்தப் பிக்சல் அணைஞ்சுடும், அவ்வளவுதான் கதை. 4கே திரைன்னா 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் பிக்சல், அத்தனையும் தனித்தனி விளக்கு. மினி எல்இடி அடிப்படையில எல்சிடி தான், பின்னாடி பொடிப்பொடியா எல்இடியை ஆயிரக்கணக்குல அடுக்கி அதை ஜோன் ஜோனா பிரிச்சு, படத்துல இருட்டா இருக்குற இடத்துக்குப் பின்னாடி இருக்குற ஜோனை மட்டும் மங்க வைக்கும். இதுக்குப் பேர் லோக்கல் டிம்மிங். 2000 ஜோன் இருக்குற டிவியா இருந்தாலும் ஒரு ஜோனுக்கு 4000 பிக்சலுக்கு மேல வருது, அதுல ஒரு பிக்சல் வெளிச்சமா இருக்கணும்னா மொத்த ஜோனும் எரிஞ்சாகணும், சுத்தி இருக்குற கறுப்புல லேசா ஒளி கசியும். இதைத்தான் ப்ளூமிங்ங்குறாங்க.

இது எங்க கண்ணுல படும்னா, கறுப்புப் பின்னணியில வெள்ளை சப்டைட்டில் வர்றப்ப எழுத்தைச் சுத்தி ஒரு மங்கலான வளையம் தெரியும். படம் ஸ்கோப் விகிதத்துல, அதாவது டிவித் திரையை விட அகலமா இருந்தா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வருமில்ல, சப்டைட்டில் அந்தப் பட்டைக்குள்ள விழுந்துச்சுன்னா பட்டையே அந்த இடத்துல மட்டும் சாம்பல் நிறமாயிடும், வசனம் முடிஞ்சதும் மறுபடி கறுப்பாகும், அடுத்த வசனத்துக்கு மறுபடி சாம்பல். ஒரு தடவை கவனிச்சுட்டீங்கன்னா அப்புறம் படம் பூரா அதுதான் கண்ணுல நிக்கும். நேரா உக்காந்து பாக்குறவங்களுக்குக் கம்மியாத் தெரியும், பக்கவாட்டுல சோஃபா ஓரத்துல உக்காந்திருக்குறவங்களுக்கு நல்லாவே தெரியும், ஏன்னா பெரும்பாலான மினி எல்இடி டிவியில இருக்குறது விஏங்குற எல்சிடி பேனல் வகை, அதோட கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், நேர்ப்பார்வையில நல்லா இருக்கும், சாய்வா பார்த்தா கலரும் வெளுக்கும். ஐபிஎஸ்ங்குற இன்னொரு வகைப் பேனலா இருந்தா பக்கப்பார்வை பரவாயில்ல, ஆனா அடிப்படை கான்ட்ராஸ்டே 1000க்கு 1 கிட்டத்தான், இருட்டு ரூம்ல படம் பாக்குறவங்களுக்கு அது ஆகாது.

ராத்திரி லைட்டை அணைச்சுட்டுப் படம் பாக்குறதுதான் முக்கால்வாசி பயன்னா இதுக்கு மேல யோசிக்க ஒண்ணும் இல்ல, ஓஎல்இடி.

ஆனா பகல்ல?

இங்கதான் மினி எல்இடி திருப்பி அடிக்கும். வெளிச்சத்தை நிட்ஸ்ல அளப்பாங்க. ஓஎல்இடி விளம்பரத்துல 1000, 2000 நிட்ஸ்னு போட்டிருக்குறதெல்லாம் திரையில சின்ன இடம் மட்டும் பளிச்சுனு இருக்குறப்ப, உதாரணத்துக்கு இருட்டுல ஒரு டார்ச். திரை முழுக்க வெள்ளையா வந்துச்சுன்னா, பனி மலை, ஐஸ் ஹாக்கி மேட்ச், கம்ப்யூட்டர் டெஸ்க்டாப் மாதிரி, பவரும் சூடும் தாங்காதுன்னு டிவி தானாவே ஒட்டுமொத்தமா மங்கிடும், பல மாடல்ல 200, 300 நிட்ஸ் அளவுக்கு இறங்கிடும். ஏபிஎல்னு இதைத்தான் சொல்றாங்க. மினி எல்இடிக்கு இந்தக் கஷ்டம் ரொம்பக் கம்மி, முழு வெள்ளைத் திரையிலயும் அதைவிட ரெண்டு மூணு மடங்கு வெளிச்சம் சாதாரணமா வரும். ஜன்னலுக்கு எதிர்ல டிவி இருக்கு, திரைச்சீலை போட வழியில்ல, பகல் பூரா மேட்ச் ஓடும்னா அந்த வெளிச்சத்துக்கு ஈடு கிடையாது.

ஓஎல்இடியிலயே ரெண்டு ஜாதி இருக்கு. எல்ஜி டிஸ்ப்ளே பண்றது டபிள்யூஓஎல்இடி, சிவப்பு பச்சை நீலத்தோட நாலாவதா ஒரு வெள்ளை சப்பிக்சலும் இருக்கும். சாம்சங் டிஸ்ப்ளே பண்றது க்யூடி ஓஎல்இடி, நீல ஒளியை எடுத்து க்வாண்டம் டாட் வழியா சிவப்பும் பச்சையுமா மாத்துறது, டிவியில 2022ல வந்துச்சு. பளிச்சுனு இருக்குற இடத்துலயும் கலர் வெளுக்காம நிக்குறதுல க்யூடி ஓஎல்இடி மேல. ஆனா அதுல வெளி வெளிச்சம் திருப்பி அடிக்காம தடுக்குற போலரைசர் அடுக்கு கிடையாது, அதனால ரூம்ல லைட் எரியுறப்ப கறுப்பு கறுப்பாத் தெரியாது, லேசா ஊதா கலந்த சாம்பலா தெரியும், லைட்டை அணைச்சா சரியாயிடும். பகல்லயும் ஓஎல்இடிதான் வேணும்னு நிக்குறவங்க டபிள்யூஓஎல்இடி பக்கம் போறது நல்லது. எல்ஜியோட ஜி சீரிஸ்ல 2023ல மைக்ரோ லென்ஸ் வெச்சாங்க, 2025ல நாலடுக்கு டேண்டம் பேனல்னு வந்துச்சு, வெளிச்சம் வருஷா வருஷம் ஏறிக்கிட்டேதான் இருக்கு, அதனால பழைய ஓஎல்இடியைப் பார்த்துட்டு "மங்கலா இருக்கும்பா"ன்னு சொல்றவங்க பேச்சைப் பாதிதான் எடுத்துக்கணும்.

கேம் பக்கம்

முதல்ல இன்புட் லேக். பட்டனை அழுத்துறதுக்கும் திரையில அது நடக்குறதுக்கும் நடுவுல டிவி எடுத்துக்குற நேரம். சினிமா மோட்லயே கேம் ஆடுனா டிவி படத்தை மெருகேத்துறேன்னு 50 மில்லிசெகண்ட், சிலதுல 100க்கு மேலயும் தின்னுடும். கேம் மோட் போட்டா நல்ல டிவியில 60 ஹெர்ட்ஸ்ல, அதாவது திரை செகண்டுக்கு 60 தடவை புதுசாகுறப்ப, 10 மில்லிசெகண்ட் சுத்திலும், 120 ஹெர்ட்ஸ்ல 5 சுத்திலும் வந்துடும். இதுல ஓஎல்இடிக்கும் மினி எல்இடிக்கும் இப்ப பெரிய வித்தியாசம் இல்ல, நல்ல மாடல் எதை எடுத்தாலும் போதும்.

வித்தியாசம் வர்றது பிக்சல் மாறுற வேகத்துல. ஓஎல்இடி பிக்சல் ஒரு மில்லிசெகண்டுக்குள்ள மாறிடும். விஏ பேனல்ல கறுப்புலேர்ந்து சாம்பலுக்கு மாற நேரம் எடுக்கும், அதனால இருட்டான கேம்ல கேமராவைச் சட்டுனு திருப்புனா தூணு, மரம், ஆளு எல்லாத்துக்கும் பின்னாடி கறுப்பா ஒரு இழுப்பு வரும். ஷூட்டர், ரேசிங், ஃபைட்டிங் ஆடுறவங்களுக்கு இது பெரிய விஷயம், நிதானமா ஊரைச் சுத்துற ஆர்பிஜி ஆடுறவங்க கண்டுக்கவே மாட்டாங்க. இன்னொண்ணு, சில மினி எல்இடி டிவியில கேம் மோட் போட்டதும் லேக்கைக் குறைக்குறதுக்காக லோக்கல் டிம்மிங்கைச் சோம்பேறியாக்கிடுவாங்க. படத்துல அருமையா இருந்த அதே டிவி கேம்ல வெளிறித் தெரியும். ரிவ்யூ படிக்கிறப்ப "கேம் மோட்ல டிம்மிங் எப்படி"ன்னு தனியா எழுதியிருக்காங்களான்னு தேடுங்க, நிறைய பேர் இதை அளக்குறதே இல்ல.

விஆர்ஆர், அதாவது வேரியபிள் ரிஃப்ரெஷ் ரேட்டுல ஆட்டம் கொஞ்சம் மாறும். கேமோட ஃப்ரேம் ரேட், அதாவது செகண்டுக்கு எத்தனை படம் வருதுங்குறது, ஏறி இறங்குறதுக்குத் தகுந்த மாதிரி டிவியும் ரிஃப்ரெஷ் ரேட்டை மாத்திக்கும், திரை கிழியாது, தடங்கல் குறையும். பிஎஸ்5க்கு 2022 ஏப்ரல்ல அப்டேட்ல வந்துச்சு, 48லேர்ந்து 120 ஹெர்ட்ஸ் வரைக்கும் வேலை செய்யும். ஓஎல்இடியில இதுக்கு ஒரு பக்கவிளைவு இருக்கு, ஃப்ரேம் ரேட் ரொம்ப ஆடுனா இருட்டான சாம்பல் பகுதி மினுக் மினுக்னு துடிக்கும், லோடிங் ஸ்க்ரீன்லயும் குகை மாதிரி இடத்துலயும் நல்லாத் தெரியும். கேம் நிலையா 60லயோ 120லயோ ஓடுச்சுன்னா வராது. தாங்க முடியலன்னா அந்தக் கேமுக்கு மட்டும் விஆர்ஆரை அணைச்சுடுறதுதான் வழி.

போர்ட் விஷயத்துல ஏமாறாதீங்க. எச்டிஎம்ஐ 2.1 வரையறை 2017 நவம்பர்ல வந்துச்சு, செகண்டுக்கு அதிகபட்சம் 48 ஜிகாபிட் (ஜிபிபிஎஸ்), முந்தின 2.0ல 18 தான். ஆனா பெட்டியில 2.1னு போட்டிருக்குறதால மட்டும் 4கே 120ம் விஆர்ஆரும் ரெண்டும் இருக்குன்னு அர்த்தம் கிடையாது, அந்த வசதி எல்லாம் விருப்பத்தேர்வுதான், ஒவ்வொண்ணா பேரைச் சொல்லி இருக்கான்னு பாக்கணும். அதே சமயம் 48 இல்லையேன்னு கவலைப்படவும் வேணாம், பிஎஸ்5 வெளியே தள்ளுறதே 32 ஜிபிபிஎஸ் தான், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 40. ஸ்விட்ச் 2 டாக்ல இருக்குறப்ப 4கேன்னா 60 ஹெர்ட்ஸ்தான், டிவியில விஆர்ஆரும் கிடையாது. நிறைய டிவியில நாலு போர்ட்ல ரெண்டுதான் முழு வேகம், அந்த ரெண்டுல ஒண்ணு சத்தத்தை வெளியே அனுப்புற இஆர்க் போர்ட்டாவும் இருக்கும், சவுண்ட்பாரை அதுல மாட்டிட்டா கன்சோலுக்கு மிச்சம் ஒண்ணே ஒண்ணு. ரெண்டு கன்சோலும் ஒரு பிசியும் வெச்சிருக்குறவங்களுக்கு இதுவே முடிவை மாத்திடும். எல்ஜியோட சி சீரிஸ் ஓஎல்இடியில வருஷக்கணக்கா நாலு போர்ட்டும் முழு வேகம் தான், கேமர்ங்க அதைத் தேடிப் போறதுக்கு அது ஒரு காரணம்.

டால்பி விஷன் வேணுமா வேணாமான்னு ஒரு பஞ்சாயத்து எப்பவும் ஓடும். எச்டிஆர்ங்குறது பளிச்சுனு இருக்குற இடத்தையும் இருட்டையும் இன்னும் விரிவாக் காட்டுற முறை, டால்பி விஷன், எச்டிஆர்10, எச்டிஆர்10 பிளஸ் எல்லாம் அதோட வகைதான். சாம்சங் டிவியில கிடையாது, அவங்க எச்டிஆர்10 பிளஸ். எல்ஜியிலயும் சோனியிலயும் டால்பி விஷன் உண்டு, பிளஸ் கிடையாது. டிசிஎல், ஹைசென்ஸ் பெரிய மாடல்கள்ல ரெண்டும் இருக்கும். பிஎஸ்5 டால்பி விஷன் கொடுக்காது, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் ரெண்டும் கேம்லயே கொடுக்கும். நிறைய படம் ஸ்ட்ரீம் பண்றவங்களுக்கு, அதுவும் நடுத்தர வெளிச்சம் உள்ள டிவியில, டால்பி விஷன் இருக்குறது உதவும். 1500 நிட்ஸ் தாண்டுற டிவியில சாதாரண எச்டிஆர்10 போட்டாலும் பெருசா குறை தெரியாது. இதுக்காக மட்டும் ஒரு நல்ல பேனலை விட்டுடாதீங்க.

படத்துல ஒரு தடுமாற்றம்

ஓஎல்இடி வாங்குன நிறைய பேர் முதல் வாரத்துல சொல்ற புகார், கேமரா மெதுவா பக்கவாட்டுல நகர்ற ஷாட்ல படம் திக்கித் திக்கி வருதுன்னு. டிவி கெட்டுப்போகல. படம் செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஒரு ஃப்ரேம் 42 மில்லிசெகண்ட் நிக்கும். எல்சிடி மெதுவா மாறுறதால ஒரு ஃப்ரேம் இன்னொண்ணுல கரைஞ்சு அது மறைஞ்சுடும், ஓஎல்இடி டக்குனு மாறிட்டு அடுத்த ஃப்ரேம் வர்ற வரைக்கும் அப்படியே நிக்கும், அதான் தாவுற மாதிரி இருக்கு. எச்டிஆர்ல வெளிச்சம் கூடுனா இன்னும் உறுத்தும். ஃப்ரேமுக்கு நடுவுல டிவியே புது ஃப்ரேமைச் செருகுற மோஷன் ஸ்மூத்திங்கை முழுசா போட்டா படம் டிவி சீரியல் மாதிரி வழுவழுன்னு ஆயிடும், எனக்கு அது சுத்தமாப் பிடிக்காது, ஆனா அதுல திக்கலைக் குறைக்குற டி ஜட்டர் அளவை 1, 2ன்னு கொஞ்சமா வெச்சா உறுத்தல் போயிடும், சினிமாத்தனமும் கெடாது. எல்ஜியில ட்ரூமோஷன், சோனியில மோஷன்ஃப்ளோ, சாம்சங்ல பிக்சர் க்ளாரிட்டின்னு ஆளுக்கொரு பேர், உள்ள இருக்குறது ஒண்ணுதான்.

60 ஹெர்ட்ஸ் டிவியில வேற பிரச்சினை. 24ஐ 60ல சமமா பிரிக்க முடியாது, ஒரு ஃப்ரேமை மூணு தடவையும் அடுத்ததை ரெண்டு தடவையும் காட்டும், தாளம் தப்பும். 120 ஹெர்ட்ஸ்ல ஒவ்வொண்ணும் சரியா அஞ்சு தடவை. அதனால கேமே ஆடாதவங்களுக்கும் 120 ஹெர்ட்ஸ் பேனல் ஒரு லாபம்தான்.

பேனல் கருகுறது

பர்ன் இன். ஓஎல்இடியில ஒரே உருவம் ஒரே இடத்துல ஆயிரக்கணக்கான மணி நேரம் நின்னா அந்தப் பிக்சல் மட்டும் சீக்கிரம் தேஞ்சு நிழல் மாதிரி தங்கிடும், திரும்ப வராது. பயமுறுத்துறவங்க ஒரு பக்கம், அதெல்லாம் இப்ப கிடையாதுன்னு சாதிக்கிறவங்க ஒரு பக்கம். ரெண்டுமே தப்பு. நாலஞ்சு கேம் மாத்தி மாத்தி ஆடி, நடுவுல படம் சீரிஸ்னு பாக்குற ஆளுக்கு வருஷக்கணக்குல எதுவும் ஆகாது. காலையில போட்டா ராத்திரி வரைக்கும் ஒரே நியூஸ் சேனல் ஓடுற வீடு, ஒரே ஆன்லைன் கேமை தினம் அஞ்சாறு மணி நேரம் ஆடுற ஆளு, டாஸ்க்பாரோட பிசி மானிட்டரா நாள் பூரா வெச்சிருக்குறவங்க, இவங்களுக்கு வர்றதுக்கு நிஜமாவே வாய்ப்பு இருக்கு, இவங்க மினி எல்இடி எடுக்குறதுதான் புத்திசாலித்தனம். ரூம் எவ்வளவு இருட்டா இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

ஓஎல்இடி வெச்சிருக்குறவங்க ராத்திரி சுவர் சுவிட்சையும் சேர்த்து அணைக்குற பழக்கத்தை விட்டுடணும். டிவி மொத்தமா நாலு மணி நேரம் கிட்ட ஓடுனதும், ரிமோட்ல அணைச்ச பிறகு ஸ்டாண்ட்பைல இருந்துக்கிட்டே தானா சில நிமிஷம் பேனலைச் சரி பண்ணிக்கும். கரண்ட்டை வெட்டுனா அது நடக்காது, நாளாக ஆக அதுவே வினையாகும். மெனுவுல இருக்குற பெரிய பிக்சல் ரிஃப்ரெஷை மட்டும் சும்மா சும்மா ஓட்டாதீங்க, டிவியே கேக்குறப்ப ஓட்டுனா போதும்.

சாதா எல்இடி எடுத்தா என்ன?

பட்ஜெட் இடிக்குதுன்னா மூணாவது வழியா சாதாரண எல்இடி. ரெண்டு விஷயம் மட்டும் பாருங்க. "மோஷன் ரேட் 240" மாதிரி போட்டிருக்குற நம்பரை நம்பாதீங்க, அது மார்க்கெட்டிங், நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட் 60ஆ 120ஆன்னு தேடுங்க. ஓரத்துல மட்டும் விளக்கு வெச்ச எட்ஜ் லிட் டிவியில எச்டிஆர்னு ஸ்டிக்கர் இருக்கும், சிக்னலை வாங்கிக்கும், காட்ட வெளிச்சமும் இருக்காது கறுப்பும் இருக்காது. அதுல எச்டிஆரை அணைச்சுட்டுப் பாக்குறதே மேல்னு பல சமயம் தோணும். புதுசா வந்த நடுத்தர மாடலும் போன வருஷத்து டாப் மாடலும் ஒரே விலைக்கு நின்னுச்சுன்னா போன வருஷத்து டாப் மாடலை எடுங்க, இதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

8கேயை விட்டுடலாம். கண்ணுக்கு எட்டாது. 65 இன்ச் 4கே திரையில ஒரு பிக்சலைத் தனியாப் பாக்கணும்னாலே ஒண்ணேகால், ஒண்ணரை மீட்டருக்குள்ள போகணும், சோஃபாவை யாரும் அங்க போட மாட்டாங்க. அந்தக் காசைச் சைஸ்ல போடுங்க. 65 இன்ச்சுக்கு ரெண்டு மீட்டர்லேர்ந்து 2.7 மீட்டர், 55க்கு 1.7லேர்ந்து 2.3, 77க்கு 2.3லேர்ந்து 3.2 மீட்டர் தூரம் உக்காந்தா கண்ணுக்குத் திரை 40லேர்ந்து 30 டிகிரி அகலம் தெரியும், சினிமாவுக்கு அதான் அளவு. பெரும்பாலும் பெரிய சைஸ் எடுத்ததுக்கு யாரும் வருத்தப்படுறதில்ல, உயரமா மாட்டுனதுக்குத்தான் கழுத்து வலிக்குதுன்னு வருத்தப்படுவாங்க. உக்காந்தா கண்ணு திரையோட நடுப்பகுதிக்கு நேரா இருக்கணும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பெட்டியைப் படுக்க வைக்காதீங்க, ஓஎல்இடி கண்ணாடி ரொம்ப மெல்லிசு, நிமித்தியே தூக்கணும், திரையில விரலை அழுத்தாம ரெண்டு பேரா எடுக்கணும்.

கன்சோலை மாட்டுனதும் 4கே 120 வரலன்னு பதறுவாங்க. முதல் காரணம் டிவி செட்டிங்ஸ்ல அந்த போர்ட்டைத் திறந்து விடாதது. எல்ஜியில எச்டிஎம்ஐ டீப் கலர், சாம்சங்ல இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மேட்டை என்ஹான்ஸ்டுன்னு மாத்தணும். ரெண்டாவது காரணம் கேபிள். கன்சோலோட வந்த கேபிளே போதும், வேற வாங்குறதா இருந்தா அல்ட்ரா ஹை ஸ்பீடுன்னு சான்றிதழ் ஸ்டிக்கரும் ஸ்கேன் பண்ற க்யூஆர் கோடும் இருக்கான்னு பாருங்க, தங்க முலாம் கதைக்கெல்லாம் காசு கொடுக்காதீங்க. கேபிள் தாங்கலன்னா திரை கணக்கில்லாம ஒரு செகண்ட் கறுப்பாகிக் கறுப்பாகித் திரும்பும், இல்லன்னா வெள்ளைப் பொட்டு மினுக்கும்.

படத்துக்கு ஃபிலிம்மேக்கர் மோட், சோனியில ப்ரொஃபஷனல், பழைய மாடல்ல கஸ்டம். போட்டதும் எல்லாரும் சொல்றது "என்னங்க மஞ்சளா மங்கலா இருக்கு"ன்னு. விவிட் மோட்ல நீலம் கலந்த வெள்ளையைப் பார்த்துப் பழகுன கண்ணு அது, படம் எடுக்குறவங்க வெள்ளைன்னு வெச்சிருக்குற அளவு 6500 கெல்வின், இந்த மோட் அதுக்குப் பக்கத்துல நிக்குது. ரெண்டு மூணு நாள் விடாம பாருங்க, அப்புறம் பழைய மோடுக்குப் போனா அதுதான் ஆஸ்பத்திரி லைட் மாதிரி இருக்கும். ஷார்ப்னஸை இறக்குங்க, எழுத்தைச் சுத்தி வெள்ளைக் கோடு காணாமப்போற அளவுக்கு. எனர்ஜி சேவிங்கும் ரூம் வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி மாறுற சென்சரும் ஆன்ல இருந்தா டிவி மங்கலா இருக்குன்னு நீங்க திட்டுறதுக்கு அதுவே காரணமா இருக்கும், முதல்ல அதை அணைச்சுப் பாருங்க.

கேமுக்கு வேலை கொஞ்சம் கூட. டிவியில டோன் மேப்பிங்கை, அதாவது எச்டிஆர் வெளிச்சத்தை டிவி தன் அளவுக்கு மாத்திக்குற செட்டிங்கை, எச்ஜிஐஜின்னு வைங்க, அப்படி ஒண்ணு இல்லன்னா டைனமிக்கை அணைச்சுடுங்க. இல்லன்னா கேம் ஒரு தடவை வெளிச்சத்தைக் கணக்குப் பண்ணும், டிவி அது மேல இன்னொரு தடவை பண்ணும், வானம் வெளுத்து மேகமே தெரியாமப் போயிடும். அப்புறம் பிஎஸ்5ல எச்டிஆர் அட்ஜஸ்ட்மென்ட்டுக்குப் போனா மூணு திரை வரும், முதல் ரெண்டும் உச்ச வெளிச்சம், மூணாவது கறுப்பு, ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்னம் இருக்கும். அந்தச் சின்னம் கண்ணுக்குத் தெரியுமா தெரியாதாங்குற எல்லையில நிறுத்துங்க, இன்னும் கொஞ்சம் ஏத்துனா நல்லா இருக்குமேன்னு ஏத்தாதீங்க. விண்டோஸ் 11க்கும் இதே மாதிரி எச்டிஆர் கேலிப்ரேஷன் ஆப் இருக்கு. பிசியை மாட்டுறவங்க டிவியில அந்த இன்புட்டோட ஐகானை பிசின்னு மாத்துனா எல்ஜி, சாம்சங்ல எழுத்தோட ஓரம் கலங்காம கூர்மையா வரும், மெனுவுல யாரும் சொல்லித்தராத விஷயம் இது. கறுப்பெல்லாம் ஒரேயடியா அமுங்கிக் கிடந்தாலோ, சாம்பலா வெளுத்திருந்தாலோ, கறுப்பு அளவுக்கான செட்டிங்ல டிவி, கன்சோல் அல்லது பிசி இந்த ரெண்டுல ஒரு பக்கம் ஃபுல் ரேஞ்சும் இன்னொரு பக்கம் லிமிடெட்டும் வெச்சிருப்பீங்க, ரெண்டையும் ஆட்டோவுல விடுங்க.

சத்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை. இவ்வளவு மெல்லிசு டிவியில நல்ல சத்தம் எதிர்பாக்க முடியாது, சின்ன சவுண்ட்பாரே பெரிய முன்னேற்றம். இஆர்க்குக்கு முந்தின பழைய ஆர்க் வழியா கேமோட கம்ப்ரெஸ் பண்ணாத பிசிஎம் சவுண்டு ரெண்டு சேனலாத்தான் போகும், சுத்திலும் கேக்குற 5.1 வேணும்னா ரெண்டு பக்கமும் இஆர்க் இருக்கணும்.

திருப்பிக் கொடுக்கணுமா, வெச்சுக்கலாமா

ரிட்டர்ன் பண்ற காலம் முடியுறதுக்குள்ள இதைப் பார்த்துடணும், அதுவரைக்கும் பெட்டியும் தெர்மாகோலும் பத்திரம். யூட்யூப்ல முழுத்திரை ஒரே நிறமா வர்ற டெஸ்ட் வீடியோ நிறைய கிடைக்கும். நடுத்தர சாம்பல் ஸ்லைடு போட்டா எல்சிடியில அங்கங்க அழுக்குப் படிஞ்ச மாதிரி தெரியும். கொஞ்சம் இல்லாத பேனலே கிடையாது, அதனால ஸ்லைடுல தெரியுதேன்னு கோவப்படாம ஒரு ஃபுட்பால் மேட்ச்சைப் போடுங்க. கேமரா மைதானத்தோட நகர்றப்ப பச்சைப் புல்லுல நிழல் கோடு அசையாம நின்னு பந்து அதைத் தாண்டிப் போற மாதிரி தெரிஞ்சா திருப்பிக் கொடுங்க, அது நாளாக ஆக சரியாகாது.

ஓஎல்இடிக்கு அதே மாதிரி 5 சதவீத சாம்பல், ரூம் முழு இருட்டுல. செங்குத்தா மெல்லிய கோடு கோடா தெரியும். புது பேனல்ல இது சகஜம், கொஞ்ச நாள் ஓடி அந்த தானியங்கி சரிபண்ற வேலை சில தடவை நடந்ததும் நிறையக் குறையும். அப்பவும் சாதாரண இருட்டு சீன்ல கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் மாத்துங்க. ஒரு பக்கம் பச்சையும் இன்னொரு பக்கம் இளஞ்சிவப்புமா வெள்ளைத் திரை தெரிஞ்சா அது வேற, தயங்காம மாத்தணும்.

ஓரத்துல ஒரே ஒரு செத்த பிக்சல் இருந்தா பல கம்பெனி வாரண்டியில ஏத்துக்க மாட்டாங்க, இத்தனை பிக்சல் வரைக்கும் பழுதுன்னு எடுத்துக்க மாட்டோம்னு விதியே வெச்சிருப்பாங்க. ரிட்டர்ன் காலத்துக்குள்ளன்னா கடைக்காரர்கிட்ட பேசலாம். நடுத்திரையில இருந்தா மாத்துங்க, ஓரத்துல, அதுவும் உக்காந்த இடத்துலேர்ந்து தெரியலன்னா நான் வெச்சுக்குவேன், மாத்தி வர்ற பேனல் இதைவிட மோசமா இருக்க எல்லா வாய்ப்பும் இருக்கு. மினி எல்இடியில ப்ளூமிங்கும் அப்படித்தான், டிவியை மாத்துனா போகாது, அதே மாடல்னா அதே ப்ளூமிங் தான். சப்டைட்டில் வளையம் தூங்க விடலன்னா சப்டைட்டில் கலரை வெள்ளையிலேர்ந்து சாம்பலுக்கு மாத்திப் பாருங்க, நிறைய ஆப்ல அந்த வசதி இருக்கு. அதுவும் பத்தலன்னா பணத்தைத் திருப்பி வாங்கிட்டு ஓஎல்இடிக்குப் போயிடுங்க, அதே மாடலுக்கு மாத்திக் கேக்காதீங்க.